சிஎம்டிஏ அப்ரூவ்டு, ரெரா அப்ரூவ்டு... ஆனா தண்ணி வருமா? முடிச்சூரில் மனை வாங்கும் முன் நீங்களே தேடிப் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

மேற்கு தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் வெளிவட்டச் சாலை வரைக்கும் ஒரு ரவுண்டு போனால், மனை விற்பனை போர்டுகளுக்குக் குறைவிருக்காது. பெரும்பாலும் வாசகம் ஒன்றுதான். ‘சிஎம்டிஏ அப்ரூவ்டு. ரெரா அப்ரூவ்டு. வங்கிக் கடன் வசதி உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்திலேயே!’

இதில் பொய் எதுவும் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால், முடிச்சூரில் மனை பார்க்கப் போகிற ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்த போர்டில் பதில் இல்லை: “இங்க தண்ணி வருமா?”

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறியதில் முடிச்சூர், பக்கத்தில் உள்ள வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. படகில்தான் மக்களை மீட்டார்கள். மூழ்கிய வீடுகளில் முறையாகப் பத்திரம் பதிந்தவை, பட்டா உள்ளவை, வங்கி சரிபார்த்துக் கடன் கொடுத்தவை எல்லாம் இருந்தன. எந்தக் காகிதமும் தண்ணீரை நிறுத்தவில்லை.

காரணம் எளிது. அரசு ஆவணம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பட்டா சொல்வதை வில்லங்கச் சான்று சொல்லாது. வில்லங்கச் சான்று சொல்வதை ரெரா சொல்லாது. நாமோ, ஒரு பேப்பர் கையில் கிடைத்ததும் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்த மாதிரி நிம்மதியாகிவிடுகிறோம். ஐம்பது, அறுபது லட்சம் ரூபாய், இருபது வருட இஎம்ஐ என்று இறங்குகிறவர்களுக்கு இது பெரிய ரிஸ்க்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆவணங்களில் பெரும்பாலானவற்றை உங்கள் போனிலேயே பார்க்கலாம். பலவற்றுக்குக் கட்டணமும் கிடையாது. எதை எங்கே பார்ப்பது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, இது எந்த ஊரு?

விளம்பரத்தில் ‘முடிச்சூர்’ என்று இருந்தால் மனை முடிச்சூரில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், தாம்பரம் வட்டத்தில் வருகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது இந்தக் கோடு இப்படி விழுந்தது.

உள்ளாட்சியிலும் இதே கதை. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை போன்ற பேரூராட்சிகள் அதில் சேர்ந்தன. முடிச்சூர் அப்போது ஊராட்சியாகவே நின்றது.

இதனால் நமக்கென்ன? ஆன்லைனில் எதைத் தேடினாலும் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்ற வரிசையில்தான் கேட்கும். கிராமம் தவறினால் வேறு யாருடைய நிலத்தையோ பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. “எந்த வருவாய்க் கிராமம்? புல எண் என்ன? உட்பிரிவு என்ன?” இதற்குப் பதில் சொல்லத் தயங்கினால், அங்கேயே கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி 1: நிலம் யார் பேர்ல இருக்கு, என்ன வகை நிலம்?

எங்கே பார்ப்பது: தமிழ்நாடு அரசு வருவாய்த் துறையின் இணையவழிச் சேவைகள் தளம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றும் இங்கே கிடைக்கும்.

பட்டா எல்லோரும் பார்ப்பது. அ-பதிவேட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. உண்மையில் அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணும் ரயத்துவாரி நிலமா, புறம்போக்கா, நன்செய்யா, புன்செய்யா என்ற வகைப்பாடு அதில்தான் வரும். ‘ஏரி’, ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘மேய்க்கால்’, ‘களம்’ என்று ஏதாவது எழுதியிருந்தால் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள். உங்கள் புல எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், நான்கு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் புல எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ‘வாய்க்கால்’ என்று இருந்து, நேரில் போனால் அங்கே தார் ரோடு இருக்கிறதென்றால், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று நீங்களே யூகிக்கலாம்.

புலப்படத்தில் மனையின் அளவும் வடிவமும் இருக்கும். நேரில் அளந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதைச் சொல்லாது: பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு முடிவான சாட்சி ஆகாது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறியதாலேயே ஒருவருக்குச் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2021-ல் ஜிதேந்திர சிங் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கிலும் அதையே திரும்பச் சொன்னது. “பட்டா இருக்கு சார், பயப்படாதீங்க” என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி 2: யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சு?

எங்கே பார்ப்பது: பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளம். வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கொடுத்தால் போதும். உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறது என்பதையும் அதே தளத்தில் தெரிந்துகொள்ளலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு மனு போட்டு வாங்க வேண்டும்.

விற்பனை, தானம், பாகப்பிரிவினை, அடமானம் என்று பதிவான நடவடிக்கைகள் தேதி வாரியாக வரும். மூலப்பத்திரத்தில் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். நடுவில் பவர் பத்திரம் இருந்தால் கவனம். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துச் செய்யும் ‘விற்பனை’ சொத்துரிமையை மாற்றாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உரிமையாளருக்காகப் பவர் ஏஜென்ட் முறையான விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு. அதிலும் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எதைச் சொல்லாது: பதிவாகாத எதையும் சொல்லாது. முக்கியமாக, வாரிசுகளை. அப்பா இறந்த பிறகு அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் நிலத்தில், கல்யாணமாகிப் போன தங்கைக்கும் பங்கு இருக்கலாம். 2005-ல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. ஆனால் அந்தத் தங்கையின் பெயர் வில்லங்கத்தில் வராது. வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

வங்கிகள் வைத்திருக்கும் அடமானங்களுக்கு ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவகமும் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடலாம். வில்லங்கச் சான்றோடு சேர்த்து இதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி 3: ரிஜிஸ்டர் ஆயிடுச்சே, அப்புறம் என்ன?

“கவர்மென்ட்டே ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்திருக்கு, அப்போ சரியாத்தானே இருக்கும்?” நிறையப் பேர் நம்புவது இதைத்தான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் வந்த கே.கோபி எதிர் சார்பதிவாளர் தீர்ப்பு தமிழ்நாட்டில் சொத்து வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று இருந்தது. அதன் முதல் உட்பிரிவுப்படி, விற்பவர் முந்தைய மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் சார்பதிவாளர் பதிவை மறுக்கலாம். அந்த உட்பிரிவு 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எளிதாகச் சொன்னால், பதிவு என்பது ‘இந்த இருவருக்கும் இடையே இப்படி ஒரு ஆவணம் எழுதப்பட்டது’ என்பதற்கான சாட்சி. ‘விற்றவர்தான் உண்மையான உரிமையாளர்’ என்பதற்கான உத்தரவாதம் அல்ல. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையது.

கேள்வி 4: அப்ரூவல் உண்மையா, எதுக்கு அப்ரூவல்?

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

மனைப்பிரிவு அனுமதி: முடிச்சூர் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதிக்குள் வருவதால் சிஎம்டிஏ எல்லை. 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணும் குடியிருப்பா, விவசாயமா, நீர்நிலையா என்று குறிக்கப்பட்டிருக்கும். சிஎம்டிஏ தளத்தில் இதைப் பார்க்கலாம். விற்பவர் கொடுக்கும் மனைப்பிரிவு வரைபடத்தின் அனுமதி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரிஜினல் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் ‘பூங்கா’ என்று இருக்கும் இடம் உங்களுக்கு மனையாக விற்கப்படுவதற்கும் வாய்ப்பு உண்டு.

அனுமதி இல்லாத மனைகள் விஷயத்தில் ஒரு தேதி முக்கியம்: 2016 அக்டோபர் 20. அன்றிலிருந்து, பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு, அனுமதியற்ற மனைகளை வீட்டுமனையாகப் பதிவதைத் தடுக்கிறது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தப் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் தனி விதிகள் வந்தன. “வரன்முறைக்கு அப்ளை பண்ணியாச்சு” என்பதும் “வரன்முறை ஆகிவிட்டது” என்பதும் ஒன்றல்ல. ஆணையின் நகலைக் கேளுங்கள்.

ரெரா: தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பதிவு எண்ணை வைத்துத் தேடினால், அனுமதி பெற்ற வரைபடம், முடிக்க வேண்டிய தேதி போன்ற விவரங்கள் கிடைக்கும். அந்த புரமோட்டர் மீது ஏற்கெனவே புகார் வந்து உத்தரவு போட்டிருக்கிறார்களா என்றும் அங்கே பார்க்கலாம். 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தில் மூன்று பிரிவுகளை மனதில் வையுங்கள்:

• பிரிவு 13: பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் போடாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

• பிரிவு 12: விளம்பரத்தில் பொய் சொல்லி, அதை நம்பி நீங்கள் நஷ்டப்பட்டால் இழப்பீடு உண்டு. அதனால் நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

• பிரிவு 18: நில உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால் புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும். இதற்குக் காலக்கெடு கிடையாது.

எதைச் சொல்லாது: 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் ரெரா பதிவு கட்டாயமில்லை. அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டு. சின்னச் சின்ன அபார்ட்மென்ட்கள் பலவும் இந்த அளவுக்குள் வந்துவிடும். பதிவு இருந்தாலும்கூட, ரெரா எண் ‘இங்கே வெள்ளம் வராது’ என்ற சான்றிதழ் அல்ல.

கேள்வி 5: கேஸ் ஏதாவது நடக்குதா?

எங்கே பார்ப்பது: இ-கோர்ட்ஸ் தளம் அல்லது ஆப். மாவட்ட நீதிமன்றம் முதல் கீழுள்ள நீதிமன்றங்கள் வரை வழக்கு விவரம் இருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்ற 16 இலக்க எண் உண்டு. அது தெரிந்தால் அடுத்த விசாரணைத் தேதி, இடைக்கால உத்தரவு எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேடலாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் தாம்பரம் நீதிமன்றங்களையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற வழக்குகளுக்குத் தனியாகத் தேட வேண்டும். நீர்நிலை, ஆக்கிரமிப்பு சம்பந்தப்பட்டவை சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலும் இருக்கலாம்.

எதைச் சொல்லாது: இதில் புல எண்ணை வைத்துத் தேட முடியாது. பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ‘சண்முகம்’ என்ற ஒரு பெயரையே நாலு விதமாக டைப் செய்திருப்பார்கள். எல்லா ஸ்பெல்லிங்கிலும் முயற்சி செய்யுங்கள். விற்பவர், அவருக்கு விற்றவர், அப்பா, சகோதரர்கள் என்று எல்லோர் பெயரிலும் தேட வேண்டும்.

இது ஏன் அவசியம்? சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது ஒரு சொத்தை வாங்கினால் அந்த வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். “எனக்குத் தெரியாதுங்க” என்பது பொதுவாக எடுபடாது.

கேள்வி 6: சரி, தண்ணி வருமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் தனி ஆவணம் கிடையாது. மூன்று, நான்கு இடங்களில் இருந்து துண்டுகளைச் சேர்த்துத்தான் படம் வரைய வேண்டும்.

வெள்ளம் எங்கிருந்து வந்தது? 2015 வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம்தான் ஞாபகம் வரும். அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது பெரிய சர்ச்சையானது. ஆனால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர் அதற்கு மேலே, ஆற்றின் வேறு கிளையில் இருக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பி வழிந்தால் வரும் பாதை இது. அதனால் “செம்பரம்பாக்கத்தைத் திறந்தா மட்டும்தான் பிரச்சினை” என்று விற்பவர் சொன்னால், அது முடிச்சூருக்குப் பொருந்தாது. மேலே உள்ள ஏரிகளின் கலங்கல் எங்கே இருக்கிறது, வழிந்தால் எந்த வாய்க்காலில் வரும் என்றுதான் பார்க்க வேண்டும்.

தணிக்கை அறிக்கை: சென்னை, புறநகர் வெள்ளம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜி தனி அறிக்கையே தயாரித்தது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சிஏஜி தளத்தில் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஏரி, ஆறு, ஆக்கிரமிப்பு, நீர் திறப்பு பற்றி அரசின் சொந்தக் கோப்புகளை வைத்தே எழுதப்பட்டது என்பதுதான் அதன் பலம்.

பழைய செயற்கைக்கோள் படங்கள்: கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. இஸ்ரோவின் ‘புவன்’ தளமும் உதவும். இன்று மனையாக இருக்கும் இடம் இருபது வருடம் முன்பு மழைக்காலத்தில் எப்படி இருந்தது என்று பாருங்கள். பச்சையா, நீலமா?

நீர்நிலைச் சட்டம்: ஏரி, குளத்தில் மனை போட்டு, வீடும் கட்டி, மின் இணைப்பும் வாங்கி, வரியும் கட்டினால் அது நமக்குச் சொந்தமாகிவிடுமா? உச்ச நீதிமன்றம் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில், குளத்து நிலத்தை வீட்டுமனையாக ஒதுக்கியதை ரத்து செய்தது. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில், பல ஆண்டு அனுபவமோ வீடு கட்டச் செய்த செலவோ கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்ததற்கு நியாயமாகாது என்றது. அதற்கு முன்பே, 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. 2007-ல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும் வந்தது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு இதில் பெரிய கருணை எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி: இது அரசு ஆவணம் இல்லை, ஆனால் நம்பகமானது. “2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாட்டி?” என்று அந்தத் தெருவில் மூன்று வீட்டில் கேளுங்கள். “2021-ல? 2023 மிக்ஜாம் புயல் அப்போ?” என்றும் கேளுங்கள். சிலர் சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.

வாட்ஸ்அப்ல வந்த ‘கோர்ட் ஆர்டர்’ உண்மையா?

குடியிருப்போர் குழுவில் “ஐகோர்ட் உத்தரவு” என்று ஒரு மெசேஜ் சுற்றும். நம்புவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழியுங்கள்.

சட்டத்தின் வாசகத்துக்கு ‘இந்தியா கோட்’ என்ற மத்திய அரசின் தளம். மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டும் இருக்கும். மத்தியச் சட்டத்தைப் படிக்கும்போது தமிழ்நாட்டுத் திருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே சொன்ன 22-ஏ போன்ற பிரிவுகள் அப்படி வந்தவைதான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரியில் தொடங்கிய ‘இ-எஸ்சிஆர்’ தளம் இலவசம். பல தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துத் தேட, 2008-ல் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ வசதியானது.

தீர்ப்பு கையில் கிடைத்ததும் மூன்று விஷயம் பாருங்கள்:

• இது இறுதித் தீர்ப்பா, இடைக்கால உத்தரவா? இடைக்கால உத்தரவு அடுத்த விசாரணையிலேயே மாறலாம்.

• நீங்கள் படிக்கும் பத்தி நீதிபதி சொன்னதா, இல்லை ஒரு தரப்பு வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்து எழுதியதா? நிறைய ‘கோர்ட் சொன்னது’ ஃபார்வர்டுகள் உண்மையில் வக்கீல் சொன்னதுதான்.

• பிற்காலத் தீர்ப்பு எதுவும் இதை மாற்றிவிட்டதா?

ஏஐ சாட்பாட்டிடம் கேட்பதும் இப்போது சகஜம். விளக்கம் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அது சொல்லும் வழக்கின் பெயரை மேலே சொன்ன தளங்களில் தேடிக் கண்டுபிடிக்காமல் நம்பாதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் ‘மாட்டா எதிர் ஏவியாங்கா’ வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை இரண்டு வக்கீல்கள் அப்படியே கோர்ட்டில் காட்டினார்கள். 5,000 டாலர் அபராதம். வக்கீல்களுக்கே அந்த நிலைமை!

ஆன்லைன்ல இல்லையா? ஆர்டிஐ போடுங்க

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகக் கேட்கலாம். ஒரு தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். தமிழ்நாடு அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளமும் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சூட்சுமம் கேள்வியில்தான் இருக்கிறது. “ஏன் ஆக்கிரமிப்பை அகற்றவில்லை?” என்று கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது ஏற்கெனவே கோப்பில் இருக்கும் தகவலை மட்டும்தான், விளக்கத்தை அல்ல. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். உதாரணமாக, தாம்பரம் வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

“1. முடிச்சூர் கிராமம், புல எண் ___ மற்றும் அதை ஒட்டிய புல எண்களுக்கு, யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல் வழங்கவும்.

2. முடிச்சூர் கிராம வரைபடத்தின் நகல் வழங்கவும்.

3. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் முடிச்சூரில் நிவாரணத்துக்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, தெரு வாரியாகப் பாதிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை உள்ள ஆவணத்தின் நகல் வழங்கவும். தனிநபர் பெயர்கள் தேவையில்லை.

4. மேற்படி ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால், சட்டப் பிரிவு 6(3)-ன்படி இம்மனுவை அங்கே அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும்.”

முதல் கேள்வி ஏன்? 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நில ஆவண மேம்பாட்டின்போது பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முன் ‘ஓடை’ என்று இருந்த இடம் அதற்குப் பின் என்னவாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மூன்றாவது கேள்வியில் ‘தனிநபர் பெயர்கள் தேவையில்லை’ என்ற வரியும் சும்மா இல்லை. தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மொத்தமாக மறுக்க அது இடம் கொடுக்காது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகலாம். “இந்த வார ஆஃபர், நாளைக்கே டோக்கன் போடுங்க” என்ற அவசரத்துக்கு ஆர்டிஐ ஈடுகொடுக்காது. அதனால் ஏரியாவை முடிவு செய்தவுடனேயே மனுவைப் போட்டுவிட்டு, மனை தேடுங்கள்.

ஊராட்சிப் பகுதிகளில் இன்னொரு வழியும் உண்டு, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மழைநீர் வடிகால், ஏரி வேலை பற்றி யார் என்ன கேட்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டாலே, அந்த ஊரின் உண்மையான பிரச்சினை தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தா வக்கீல் வேண்டாமா?

வேண்டும். மேலே சொன்ன எதுவும் வக்கீலுக்கு மாற்று அல்ல. ஆனால் வெறுங்கையோடு போய் “டாக்குமென்ட் ஓகேவா சார்?” என்று கேட்பதற்கும், “வில்லங்கத்தில் 1998-க்கும் 2004-க்கும் நடுவில் சங்கிலி விடுபடுகிறது, வாரிசுச் சான்றில் மூன்று பேர் இருக்கிறார்கள், கையெழுத்து இரண்டு பேர்தான் போட்டிருக்கிறார்கள்” என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவது கேள்விக்குத்தான் உருப்படியான பதில் வரும்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச உதவி உண்டு. 12-வது பிரிவின் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாம் வருமான வரம்பு இல்லாமல் வருகிறார்கள். முடிச்சூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது, வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை. அழைக்க வேண்டிய எண் 15100.

கடைசியாக ஒரு நடைமுறை டிப்ஸ். இந்தத் தளங்களில் பார்க்கும் ஒவ்வொன்றையும் தேதி தெரிகிற மாதிரி பிடிஎஃப்பாகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறை, பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள் இன்னொருமுறை வில்லங்கத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் வேறு யாருக்கோ ஒரு ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், அது இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கண்ணில் படும்.